பட்டாளத்துக்காரனுக்கு என்ன நிறம்?

போன மாதம் ஓவியக் கல்லூரியில் படிக்கிற நான்கு பிள்ளைகள் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "பழைய பேனர் ஆர்ட்டிஸ்ட் வீடு எது?" என்று நாலு பேரிடம் விசாரித்து வந்திருக்கிறார்கள். மனித உருவத்தை அரூபமாக, வண்ணங்களால் மட்டுமே தீட்டிய கிராமத்துக் கலைஞர்கள் என்று ஏதோ கட்டுரை எழுத வேண்டுமாம். நான் பிறந்ததும் வளர்ந்ததும் டவுனில். கலைஞன் என்று என்னை அதுவரை எவனும் கூப்பிட்டதில்லை. சினிமா தியேட்டர்காரர்கள் "ஏய் பெயிண்டர்" என்பார்கள். கட்சிக்காரர்கள் அந்த 'ஏய்'யோடு நிறுத்திக்கொள்வார்கள்.

"ஐயா, உருவத்தை உடைக்கணும்னு உங்களுக்கு எப்ப தோணுச்சு?" என்று அதில் ஒரு பெண் கேட்டாள்.

"நான் எதையும் உடைக்கலம்மா. சாரத்துல நின்னுக்கிட்டு எட்டடி மூக்கு வரையுறவனுக்கு மூக்கு தெரியாது. செவப்பா ஒரு பட்டை, ஊதாவா ஒரு பட்டை, அம்புட்டுதான் தெரியும்" என்றேன்.

அதை எழுதிக்கொண்டாள். எதைச் சொன்னாலும் எழுதுகிற கூட்டம். மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டதையும் எழுதியிருப்பார்கள். பிளெக்ஸ் வந்து எங்கள் தொழிலைக் கெடுத்துவிட்டது என்று என் சார்பில் வேறு வருத்தப்பட்டார்கள். எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. டர்பன்டைன் நெடியில் இருபது வருடம் சோற்று ருசி தெரியாமல் கிடந்தவன் நான். மெஷின் தாராளமாக வரையட்டும். மெஷினுக்கு முதுகு வலிக்காது.

போகும்போது, "நீங்க செஞ்சதுலயே பெரிய வேலை எது?" என்று ஒரு பையன் கேட்டான். ஒன்றைச் சொன்னேன். மறுவாரம் அவன் அனுப்பிய கட்டுரையைப் படித்தால், நான் ஏதோ தியானத்தில் உட்கார்ந்து நிறங்களோடு பேசியதுபோல் எழுதி வைத்திருக்கிறான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் தொழில் பழகியது வெங்கு மாஸ்டரிடம். மூன்று வருடம் பிரஷ் கழுவினேன். இரண்டு வருடம் எழுத்துக்கு நிழல் போட்டேன். பிறகு சட்டை மடிப்பு, கை, கால், கடைசியில் முகம். பழகிய கதை இவ்வளவுதான். இதற்கு மேல் நீட்டுகிறவன் பொய் சொல்கிறான்.

வெங்கு மாஸ்டரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றோடு நின்றுவிடும். கட்டம் சரியாகப் போடுவார். போட்டோவில் அரை அங்குலக் கட்டம், துணியில் ஓரடிக் கட்டம். நீலப்பொடியில் தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டுவார். கோடு துணியில் பட்டென்று விழும். அதோடு அவர் வேலை முடிந்தது. கையைக் கழுவிக்கொண்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்தே துண்டால் உத்தரவு வரும். துண்டு இடது தோளுக்கு மாறினால் கன்னம் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். தலையில் கட்டினால் பரவாயில்லை. உதறினால் மொத்தத்தையும் அழிக்க வேண்டும். அந்த மனுஷன் நிஜமாகவே வியர்வை துடைத்ததைப் பார்த்துப் பயந்துபோய் ஒரு கதாநாயகியின் தாடையை நான் அழித்திருக்கிறேன். எல்லா வேலையும் முடிந்தபின் ரோட்டைக் கடந்து வந்து, மூலையில் 'வெங்கு' என்று கையெழுத்துப் போடுவார். அதற்கு மட்டும் கண்ணாடி மாட்டிக்கொள்வார்.

ஆனால் அந்த டீக்கடைதான் எங்கள் தொழில். பக்கத்தில் நின்று பார்த்தால் அழகாக இருக்கிற முகம் ரோட்டுக்கு எதிரே தேறாது. கோடே கூடாது. கோடு போட்டால் தூரத்தில் பொம்மை. நெற்றியில் ஒரு அப்பு மஞ்சள், கண்குழியில் பச்சை, தாடைக்குக் கீழே நீலம், மூக்குத் தண்டில் வெள்ளை. ஒன்றோடொன்று குழைக்காமல் அப்படியே விட வேண்டும். கிட்டே நின்றால் காரை பெயர்ந்த சுவர் மாதிரி இருக்கும். எதிர்க்கடையில் நின்று கண்ணைச் சுருக்கினால் ஆள் எழுந்து வருவான். கல்லூரிக்காரர்கள் சொல்கிற அரூபம் இதுதான் என்றால், ஊருக்கு நாலு பேர் அந்த அரூபத்தைச் செய்துகொண்டுதான் இருந்தோம்.

தோலுக்கென்று எங்கள் பேனர்க் கடையில் மூன்று டப்பா இருந்தது. முதல் டப்பா ரோஜா நிறம், கதாநாயகனுக்கு. இரண்டாவது அதைவிட வெளுப்பு, கதாநாயகிக்கு. மூன்றாவதில் காவியும் பச்சையும் கருப்பும் கலந்த ஒரு சேறு. அது வில்லனுக்கு. படம் ஓடுகிற தியேட்டர் பக்கம் போகிற எவனும், பேனரைப் பார்த்தே யார் யாரை அடிக்கப்போகிறான் என்று சொல்லிவிடுவான். நடிகன் எந்த நிறமாக இருந்தாலும் சரி, கதாநாயகன் என்றால் முதல் டப்பா.

இந்த வியாதி சினிமாவோடு நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, தன் உருவத்தைத் தீட்டிக் கல்லாவுக்குப் பின்னால் மாட்ட ஆசைப்பட்டார். ஆள் அடுப்புக்கரி. முதல் டப்பாவிலேயே தீட்டினோம். பார்த்துவிட்டு, "கொஞ்சம் நெறம் கம்மியா இருக்கே?" என்றார். இரண்டாவது டப்பாவுக்குப் போனோம். "இப்பத்தான் நான் மாதிரி இருக்கு" என்றார். கடைக்கு வந்தவர்கள் அதை அவருடைய காலமான அண்ணன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இப்படி இரண்டு ஊரிலும் இருக்கிற அத்தனை கருப்பர்களையும் நாங்கள் வெளுத்துத் தள்ளினோம். தீட்டிய நானும் கருப்புதான். ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில், ஒரு ஆடி மாதம், சேத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நல்ல நிலபுலன் உள்ளவர். சுண்டினால் ரத்தம் தெரிகிற சிவப்பு. மகன் பாண்டி பட்டாளத்தில் இருந்து, வடக்கே மலைப்பாதையில் வண்டி உருண்டு செத்துப்போயிருந்தான். பதினாறாம் நாளுக்குள் யூனிபாரத்தோடு ஆறடியில் முழு உருவம் வேண்டும். சேத்தூரில் வீட்டு முன்னால் வைத்துப் பிறகு கூடத்தில் மாட்ட வேண்டும். போட்டோ என்று பெரியவர் கொடுத்தது கருப்பு வெள்ளையில் ஒரு பாஸ்போர்ட் சைஸ். ஸ்டுடியோக்காரன் பவுடர் அடித்து, பிறகு டச்சிங் வேறு செய்திருந்தான். அதில் கண்ணும் மீசையும் இருந்தது. மற்றதெல்லாம் சுண்ணாம்பு.

"மகன் என்ன நெறம்?" என்று கேட்டேன்.

"செவப்பு" என்றார். கேட்டு முடிக்குமுன் வந்தது பதில்.

சட்டைப் பட்டையும் தொப்பி வில்லையும் போட்டோவில் தெளிவாக இல்லை. அதைக் குறித்துக்கொள்ள மறுநாள் சேத்தூருக்குப் பஸ் ஏறினேன். பெரியவர் பெட்டியைத் திறந்து யூனிபாரத்தை என் முன்னால் வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று மோட்டார் ரூம் பக்கம் போனார். நான் தரையில் உட்கார்ந்து வில்லையை வரைந்துகொண்டிருந்தேன். உள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"ஏட்டி, போ. போய் அந்த மாமாட்ட கையை நீட்டு."

நாலு வயசுப் பெண்பிள்ளை ஒன்று வந்து என் மூக்குக்கு நேரே கையை நீட்டியது. நல்ல கருப்பு. நாவல்பழக் கருப்பு.

"அவிய நெறம் இதுதான்" என்றது குரல். பாண்டியின் மனைவி, புருஷனைத்தான் சொல்கிறாள். பதினாறு கழியாததால் அவள் வெளியே வரவில்லை. கதவு இடுக்கில் பாதி முகம்தான் தெரிந்தது. அவளும் சிவப்பு. "இதைப் பாத்துத் தீட்டுங்க."

"பெரியவர் செவப்புன்னுல்ல சொன்னாரு?"

"மாமா அப்படித்தான் சொல்லுவாரு. அண்ணாச்சி, எனக்குப் பொறந்த ஊரு கூமாப்பட்டி. எங்க வீட்ல அம்புட்டுப் பேரும் செவப்பு. இங்க மாமா செவப்பு. அவியளையும் செவப்பாத் தீட்டிக் கூடத்துல மாட்டிட்டீங்கன்னா, அதுக்குக் கீழ எம்பிள்ளை நிக்கும்போது பாக்குறவிய என்ன சொல்லுவாங்க? அவிய லீவுக்கு வந்த தேதியையும் இவ பொறந்த தேதியையும் விரல் விட்டு எண்ணுன ஊரு இது. அவிய உசுரோட இருந்தவரைக்கும் பக்கத்துல நிறுத்திக் காட்டிக்கிடலாம். இனி அந்தப் படம்தான அவளுக்கு அப்பன்?"

நான் வாயைத் திறக்குமுன் பெரியவரின் செருப்புச் சத்தம் கேட்டது. பிள்ளை உள்ளே ஓடிவிட்டது.

கடைக்குத் திரும்பி மாஸ்டரிடம் சொன்னேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, தன் வீட்டுத் தெலுங்கு கலந்து கேட்டார். "ஏமிரா, பட்டாளத்துக்காரனை வில்லன் டப்பாவுல தீட்டப் போறியா? ஊரே வந்து என்னை ஒதைக்கும். வீட்டுப் பொம்பளை ஆயிரம் சொல்லும். வேலை குடுத்தவர் செவப்புன்னாரு, செவப்பு."

சொல்லிவிட்டு ஆடிப்பூரத்துக்கு அலங்காரத் தட்டி வரைய மூன்று நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டார். அங்கேயும் ஒரு டீக்கடை இருந்திருக்கும்.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. அவர் போன அன்று காலையில் முதல் டப்பாவைத்தான் திறந்தேன். மத்தியானத்துக்குள் முகம் முடிந்தது. ரோட்டைக் கடந்து போய்ப் பார்த்தேன். யூனிபாரம் போட்ட ஜவுளிக்கடைக்காரர் மாதிரி ஒருத்தன் நின்றான். அந்தப் பிள்ளையை இதற்குக் கீழே நிறுத்திப் பார்த்தேன், மனசுக்குள்தான். மண்ணெண்ணெய்த் துணியால் முகத்தை மொத்தமாக வழித்துப் போட்டேன்.

அப்புறம் மூன்றாவது டப்பா. அதையும் போய்ப் பார்த்தேன். மாஸ்டர் சொன்னது சரி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வந்தவன் மாதிரி இருந்தான். அதையும் வழித்தேன்.

பத்து வருடத்துக்கு மேல் முகம் தீட்டுகிறவன், ஒரு கருப்பு மனுஷனை நல்லவனாகத் தீட்டத் தெரியாமல் நின்றேன். வெட்கமாக இருந்தது. இந்த ஊரில் பாதிப் பேர் கருப்பு. அதற்கு எங்களிடம் டப்பா இல்லை.

மறுநாள் காலையில் கடைவாசல் வெயிலில் என் கையையே நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்தது. நான் அசையவில்லை. அவ்வளவு நேரம் என் கையை அதற்கு முன் நான் பார்த்ததே கிடையாது. மேல்பக்கம் வானம் பட்டு நீலம் ஓடுகிறது. பக்கவாட்டில் ஊதா. வெயில் நேராக விழுகிற எலும்பு மேட்டில் செம்பு மாதிரி ஒரு பளபளப்பு. அடிப்பக்கம், செம்மண் தரையின் வெளிச்சம் ஏறி, கத்தரிப்பூ நிறம். கருப்பு மட்டும் எங்கே தேடினாலும் இல்லை.

கருப்பு டப்பாவை மூடித் தூர வைத்தேன். தொப்பி நிழல் விழுகிற நெற்றிக்குக் கெட்டி நீலம். கண்குழிக்கு ஊதாவில் ஒரு பொட்டுப் பச்சை. கன்ன எலும்பில் செந்தூரமும் மஞ்சள் காவியும் குழைக்காமல் ஒரே இழுப்பு. தாடைக்குக் கீழே, யூனிபாரத்தின் பச்சை ஏறிய ஒரு நீலம். கழுத்துக்கும் கைக்கும் அதே கணக்கு. போட்டோவிலிருந்து மீசையையும் கண்ணையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு அப்புக்கும் இறங்கி ரோட்டைக் கடந்தேன். டீக்கடைக்காரர், "உங்க மாஸ்டராவது உக்காந்து டீ குடிப்பாரு. நீ என்னலே குரங்கு மாதிரி இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுத?" என்று கத்தினார். இரண்டாம் நாள் சாயங்காலம் எதிரே நின்று கண்ணைச் சுருக்கினேன். பாண்டி வெயிலில் நின்றுகொண்டிருந்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சொல்வதற்கு என்ன, கண்ணில் தண்ணீரும் வந்தது.

மாஸ்டர் திரும்பி வந்ததும் வழக்கம்போல் பெஞ்சில் உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தார். துண்டு அசையவே இல்லை. பிறகு எழுந்து வந்தார். முதல் டப்பாவைத் திறந்தார். எத்தனையோ வருடம் கழித்து அன்றுதான், கையெழுத்துக்கு அல்லாமல், அவர் கையில் பிரஷ்ஷைப் பார்த்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கன்ன எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ரோஜா நிறத்தை இழுத்தார். எனக்கு அவர் கையை முறிக்கலாம் போலிருந்தது.

ரோட்டைக் கடந்து போய்ப் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். அந்த இடம் மட்டும் வெண்குஷ்டம் மாதிரி தெரிந்தது.

"பாகலேது" என்றார். நன்றாக இல்லை என்று அர்த்தம். நான் தீட்டியதைச் சொன்னாரா, தான் தீட்டியதைச் சொன்னாரா தெரியாது. திரும்பி வந்து மண்ணெண்ணெய்த் துணியால் அந்த ரோஜாவைத் தானே துடைத்தார். "பெரியவர்ட்ட நீயே பேசிக்கோ. நான் இதை வரையல" என்றார். கண்ணாடி மாட்டவில்லை. கையெழுத்தும் போடவில்லை. ஆறு மாதம் கழித்து, ஊர் அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், பிரஷ்ஷும் கண்ணாடியுமாகச் சேத்தூருக்குப் பஸ் ஏறினார். அந்த வீட்டார் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காலையில் படத்தை டெம்போவில் ஏற்றி, முகத்தை வேட்டியால் மூடி, சேத்தூர் கொண்டுபோனேன். வீட்டு முன்னால் பந்தல், சொந்தபந்தம் நிறைய உட்கார்ந்திருந்தது. சுவரில் சாய்த்து வேட்டியை உருவினேன். பெரியவர் நேரே கிட்டே வந்து நின்றுகொண்டார். கிட்டே நின்றால் என்ன தெரியும்?

"என்னலே இது?" என்றார். "எம்மகன் மூஞ்சியில நீலமும் ஊதாவுமா அப்பி வச்சிருக்க? கூத்துக்கு வேசம் கட்டுனவன் மாதிரி இருக்கான்! செவப்புன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எவன்ட்டலே கேட்டு இப்படித் தீட்டுன?"

வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். என் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. உண்மையைச் சொன்னால் அவளை அந்த வீட்டில் வைத்து வாட்டிவிடுவார்கள்.

"நானாத்தான் தீட்டுனேன்" என்றேன். "கிட்ட நின்னு பாக்காதீங்கய்யா. கொஞ்சம் பின்னால வாங்க."

கையைப் பிடித்து இழுத்தேன். எதிரே வைக்கோல்படப்பு இருந்தது. திட்டிக்கொண்டேதான் பின்னால் நடந்தார். என் அப்பனைத் திட்டினார், என் தொழிலைத் திட்டினார். படப்பை நெருங்கும்போது, பேச்சு பாதியில் நின்றது.

பந்தலில் இருந்தவர்களும் எழுந்து வந்து அங்கே நின்றார்கள். "ஆத்தீ, பாண்டியேதான்! வெயில்ல நின்னா இப்படித்தான நெத்தியைச் சுருக்குவான்" என்று ஒரு அம்மா அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி பிள்ளையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "இது அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்குல்ல!" என்றாள். ஆமாம் ஆமாம் என்று பத்து வாய். நாலு வருடமாகத் தேதி எண்ணிய அதே வாய்கள்தான். நான் பாண்டியை உயிரோடு பார்த்ததே கிடையாது. பிள்ளையின் கையைப் பார்த்து அப்பனைத் தீட்டினேன். இவர்கள் அந்த அப்பனைப் பார்த்துப் பிள்ளையை ஒத்துக்கொள்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் தோன்றியது. வாசலில் நின்றவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பெரியவர் தாம்பாளத்திலிருந்து மாலையை எடுத்தார். "ஏட்டி, இங்க வா" என்று பேத்தியைக் கூப்பிட்டு, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மாலையை அவள் கையில் கொடுத்தார். பிள்ளை எட்டிப் போட்டது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாப் வரை அவரே கூட வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"அவன் கருப்புதாம்ப்பா" என்றார். "நான் செவப்பு, அவனைப் பெத்தவளும் செவப்பு. இவன் மட்டும் கருப்பாப் பொறந்தான். எம் பொண்டாட்டியை இந்த ஊரு கேக்காத கேள்வி இல்ல. அதான் செவப்பு செவப்புன்னு சொல்லியே அவனை வளத்தேன்."

"ஊரு ஆயிரம் கேக்கும்யா. அதுக்கு நீங்க என்ன செய்ய முடியும்?" என்றேன்.

பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைத்தபோது என் முழங்கையைப் பிடித்தார்.

"ஊரு ரெண்டு வருசத்துல கேக்குறதை விட்டுருச்சு. அவ சாகுறவரைக்கும் கேட்டது நான்தாம்ப்பா."